பளபளப்புக்குப் போகும் பவுன்

பிற்பகல் மூன்று மணி. வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை, பள்ளி விடவில்லை. அந்த நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். இரண்டு பேர், தோளில் பை, கையில் ஏதோ ஒரு பொடி. முதலில் கேட்பது பூஜை அறைக் குத்துவிளக்கை. "சும்மா பாருங்கக்கா, காசு எதுவும் வேண்டாம்" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து தேய்த்துப் புதுசாக்கித் தருவார்கள். அடுத்தது வெள்ளிக் கொலுசு. அதுவும் பளிச்சென்று ஆகிவிடும். நம்பிக்கை வந்த பிறகு பேச்சு கழுத்துச் சங்கிலிக்கு வரும்.

சங்கிலி ஒரு கிண்ணத்துத் திரவத்தில் சில நிமிடம் கிடக்கும். பிறகு மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி, அடுப்பில் வைக்கச் சொல்வார்கள். ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை. அது ஆறுவதற்குள் அவர்கள் அடுத்த ஊரில் இருப்பார்கள். டப்பாவுக்குள் சில வீடுகளில் வெறும் மஞ்சள் தண்ணீர். சில வீடுகளில் சங்கிலி அப்படியே இருக்கும், நன்றாக மின்னவும் செய்யும். தராசில் வைக்கும்வரை ஒன்றும் தெரியாது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்கு இந்தப் புகார் பழகிப்போன ஒன்று. காவல்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, மக்கள் கதவைத் திறந்துகொண்டே இருக்கிறார்கள். படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. நகை மின்ன வேண்டும் என்ற ஆசை படிப்பைப் பார்த்து வருவதில்லை.

அந்தக் கிண்ணத்தில் இருப்பது ராஜ திராவகம். அடர்த்தியான நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு. தனித்தனியாக விட்டால் இரண்டுமே தங்கத்திடம் தோற்றுவிடும். கலந்தால் கதை வேறு: நைட்ரிக் அமிலம் தங்க அணுவிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடு அந்த அணுவைப் பற்றித் திரவத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கரைந்த தங்கம் எங்கும் போய்விடுவதில்லை. அதனால்தான் அந்த ஆட்கள் எதை மறந்தாலும் கிண்ணத்துத் திரவத்தை மறப்பதில்லை. பிறகு அதில் வேறொரு ரசாயனத்தைச் சேர்த்தால் தங்கம் பழுப்பு மண்போல அடியில் படியும். உருக்கினால் மறுபடி தங்கம்.

இதே வேதியியல் ஒரு முறை நல்ல காரியத்துக்கும் உதவியிருக்கிறது. 1940-ல் ஹிட்லரின் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இரண்டு நோபல் பதக்கங்கள் இருந்தன. மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்களுடையவை. அங்கே வேலை பார்த்த ஹங்கேரிய வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெஷி இரண்டையும் ராஜ திராவகத்தில் கரைத்து, புட்டியை அலமாரியில் வைத்துவிட்டார். சோதனை போட்டவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர் முடிந்ததும் தங்கம் பிரித்தெடுக்கப்பட்டு, அதே தங்கத்தில் பதக்கங்கள் மீண்டும் அடிக்கப்பட்டன. ஆகவே யாராவது ஏமாந்து, திரவம் வீட்டிலேயே தங்கிவிட்டால் அதைக் கீழே கொட்டக் கூடாது. கையும் படக் கூடாது, மூடியும் இறுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் கண்ணாடிப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். போன சங்கிலி அதில்தான் இருக்கிறது.

இது கொள்ளை, இதற்குச் சட்டம் உண்டு. நான் சொல்ல வருவது சட்டமில்லாத கொள்ளையைப் பற்றி. அந்த ஆள் பத்து நிமிடத்தில் எடுப்பதை, பளபளப்பின் மேல் நமக்கிருக்கும் மோகம் இருபது வருடத்தில், நம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறது.

மங்குவது எது?

சுத்தத் தங்கம் காற்றாலும் தண்ணீராலும் கறுப்பதில்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் நெற்றிப் பட்டங்கள் அத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் பொன்னாகவேதான் வெளியே வந்தன. நாம் போடுவது 22 காரட், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 916 என்று முத்திரை விழுவது அதனால்தான். மீதி 8.4 பங்கில் செம்பும் வெள்ளியும் இருக்கும். நிறம் மாறுவது இந்த இரண்டும்தான். வியர்வை, கந்தகம், வெங்காயம், முட்டை, தீபாவளிப் புகை எல்லாம் வேலை செய்வது இவற்றின் மேல்தான். காரட் குறையக் குறைய மங்கல் கூடும்.

பாட்டி காலத்து நகை ஒன்று மட்டும் எவ்வளவு கழுவினாலும் சீக்கிரம் கறுக்கிறது என்றால், அது எந்த வருடத்தில் செய்தது என்று விசாரிப்பது நல்லது. 1963-ல் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், புதிய நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றன. சில ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. எத்தனையோ ஆசாரிகள் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போன காலம் அது. சட்டத்துக்குப் பயந்து அப்போது செய்த நகையில் தங்கம் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்குதான். அது மங்கத்தான் செய்யும், அதன்மேல் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நம் வீடுகளில் "நகை மங்கிவிட்டது" என்று சொல்லும்போது, பெரும்பாலும் உலோகம் மங்கியிருக்காது. மேலே ஏறி உட்கார்ந்திருப்பது தேங்காய் எண்ணெய், பவுடர், மஞ்சள், குங்குமம், தோலின் பிசுக்கு. இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டிப் பிடிப்பது சோப்பு. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது. வெள்ளையாக ஒரு பிசின் திரியும். குளியலறைப் பக்கெட்டில் படிகிற அதே பிசின்தான் தாலிக்கொடியின் கண்ணிகளுக்கு நடுவிலும் படிகிறது. தெருத் தூசி வந்து அதில் ஒட்டிக்கொள்ளும்.

தூசி என்றால் சும்மா இல்லை. அதில் நுண்ணிய மணல் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலின் படிகக்கல் 7. தங்கம் 3-ஐத் தாண்டாது. ஒவ்வொரு அசைவுக்கும் கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் அந்த மணல் உப்புத்தாள்போல வேலை செய்கிறது. பழைய சங்கிலியைக் கையில் வாங்கி, ஒரு கண்ணியின் உள்வளைவை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிப்பக்கம் உருண்டையாக இருக்கும், உள்ளே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். அறுகிற சங்கிலி அங்கேதான் அறுகிறது. நகையைக் கழுவ வேண்டியது மின்னுவதற்காக இல்லை, இதற்காகத்தான்.

தேய்மானத்தைக் கணக்குப் போட்டே பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். வியன்னாவின் வேதியியலாளர் கேயார்க் ஸ்டைன்ஹவுசர், தன் 18 காரட் கல்யாண மோதிரத்தை ஓராண்டு முழுக்க வாராவாரம் நுண்தராசில் நிறுத்தார். 2008-ல் வெளியான அவர் கட்டுரைப்படி, வாரத்துக்குச் சராசரி 0.12 மில்லிகிராம்; ஆண்டுக்கு 6 மில்லிகிராம் சொச்சம். மணற்கடற்கரையில் கழித்த நாட்களில் இழப்பு கூடியிருந்தது. அது கடினமான 18 காரட், உரசல் குறைந்த மோதிரம். நம்முடையதோ அதைவிட மென்மையான 22 காரட். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாத சங்கிலி. போதாததற்கு, தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு தொங்கும். அவசரத்துக்கு உதவும் என்பது சரிதான். ஆனால் எஃகுக் கம்பி தங்கத்தை நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி வளையலையும் தங்க வளையலையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கலகலவென்று சத்தம் அழகாக வரும். அந்தச் சத்தத்துக்கும் தங்கம்தான் விலை.

பூந்திக்கொட்டை போதும்

கழுவும் முறையை எழுதப் பெரிய பட்டியல் தேவையில்லை. ஆசாரிகள் தலைமுறைகளாகச் சொல்வது பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கி, தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். அதில் உள்ள சாப்போனின் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கழற்றும், உலோகத்தைத் தொடாது. போர் தண்ணீரிலும் சோப்புபோலப் பிசின் கட்டாது. கண்ணில் பட்டால் எரியும் என்பதுதான் அதன் ஒரே குணக்கேடு. கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கான ஷாம்பு இரண்டு சொட்டு. நகையைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் பின்பக்கத்தையும் கண்ணிகளையும் தட்டித் தட்டித் தேய்த்தால் போதும்.

கழுவும் பொருளைவிட, கழுவும் இடம் முக்கியம். குழாயடியில், சிங்கில், வாஷ்பேசினில் கூடவே கூடாது. தோட்டின் திருகாணியும் மூக்குத்தியும் போன வழியில் எத்தனை வீடுகளில் பிளம்பர் வந்து குழாயைக் கழற்றியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் கழுவி, இன்னொரு கிண்ணத்தில் அலசி, இரண்டு தண்ணீரையும் துணியில் வடிகட்டிய பிறகே கொட்ட வேண்டும். கழன்ற கல் இருந்தால் துணியில் நிற்கும். பழைய வேட்டித் துணியில் ஒற்றி, காற்றாட ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் பெட்டியில் வைக்கலாம். உள்ளே கூடான ஜிமிக்கிக்குள் ஈரம் தங்கும். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கலாம்.

செய்யக் கூடாதவற்றில் முதலிடம் பற்பசைக்கு. அதில் அரைத்துத் தேய்க்கும் பொடி இருக்கிறது. சிலவற்றில் இருப்பது சிலிக்கா. பல்லின் எனாமல் அதைத் தாங்கும், தங்கம் தாங்காது. தேய்த்ததும் மின்னுவது உண்மைதான். மேல் தோல் உரிந்த மின்னல் அது. பித்தளைக்கு ஆகும் புளியும் சாம்பலும் வெள்ளிக்கு ஆகும் பொடிகளும் தங்கத்துக்கு வேண்டாம்.

அடுத்து பிளீச்சிங் பவுடர். அதிலுள்ள குளோரின், கலப்பு உலோகத்தை அரித்து, பற்ற வைத்த இடங்களை முறியவைக்கும். நீச்சல் குளத்துத் தண்ணீரும் அதே இனம். குளியலறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிவருவது குளோரின் வாயு, நகைக்கு முன்னால் நுரையீரல் போய்விடும்.

பாதரசம் பட்டால் தங்கம் நொடியில் வெள்ளையாகும். உடைந்த பழைய தெர்மாமீட்டர் அதற்குப் போதும். அதைச் சூடு காட்டிப் போக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழும் ஆவி கொடிய நஞ்சு. தனியாக ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, விவரம் சொல்லிப் பட்டறையில் கொடுக்க வேண்டிய வேலை அது. ரசமணி கோத்த கயிறும் தங்கச் சங்கிலியும் ஒரே கழுத்தில் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

கல் இருந்தால் கதை மாறும்

வைரம் எல்லாவற்றையும்விடக் கடினம். ஆனால் எண்ணெயைக் கண்டால் விடாது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே பிழைத்தார்கள்: கிரீஸ் பூசிய மேசைமேல் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டால் வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நம் வைரத்தோடு ஒளியிழப்பதும் அதே குணத்தால்தான். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் கல்லின் முதுகில் படலமாகி, உள்ளே போன ஒளி திரும்பாமல் செய்துவிடும். பின்பக்கம் திறந்த கட்டு என்றால் பிரஷ் அங்கே போக வேண்டும். பின்பக்கம் மூடிய பழைய தோடு என்றால் ஊறவே வைக்கக் கூடாது. நீர் உள்ளே புகுந்தால் வெளியே வர வழியில்லை.

முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவானாலும் அவற்றை அரிக்கும். பவுடர், சென்ட், தலைக்குப் பூ எல்லாம் முடிந்தபின் கடைசியாக முத்து மாலை; வீடு திரும்பியதும் முதலில் கழற்றுவதும் அதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வருடக்கணக்கில் அடைத்தால் முத்து வறண்டு வெடிக்கும். மரகதத்தில் இயல்பாகவே விரிசல்கள் உண்டு. அதை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். சூடான சோப்பு நீரும் கடைகளில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். பச்சை இருக்கும், பழைய களை இருக்காது.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது அரக்கு. கூடான உருக்களுக்குள்ளும், கெம்புக் கல் பதித்த கோயில் நகைப் பாணியிலும் அரக்கு வைத்து அடைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் வடசேரி நகைகளை நடனமேடைகளில் பார்த்திருப்பீர்கள். அரக்கு இளகக் கொதிநீர் தேவையில்லை, நல்ல சூடான நீரே போதும். இளகினால் கல் சாயும், உரு நசுங்கும்.

அரக்கின் எடையைப் பற்றி நம் முன்னோர் கறாராக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், முதலாம் ராஜராஜனும் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல், மணி பதித்தவற்றை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல். எத்தனை முத்து, அதில் உருண்டை எத்தனை, குறையுள்ளது எத்தனை, எடையில் அரக்கு சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்று நகைக்கடை பில்லில் கல் எடையையும் தங்க எடையையும் தனித்தனியாகப் போடச் சொன்னால் முகம் சுளிப்பவர்களை அந்தப் பிரகாரத்தில் ஒரு சுற்று அழைத்துப் போகலாம்.

பட்டறையில் என்ன போகிறது?

கடையில் மெருகு போடும்போது முதலில் அமிலம் அல்லது வேறு ரசாயனக் குளியல். சயனைடு புழங்கும் பட்டறைகளும் உண்டு. சயனைடு அழுக்கை மட்டும் அல்ல, மேற்பரப்புத் தங்கத்தையும் கரைக்கும். சுரங்கங்களில் தாதுவிலிருந்து தங்கம் எடுப்பதே அதை வைத்துத்தான். பிறகு சுழலும் பஃப் சக்கரம். சக்கரத்தில் பூசும் மெருகுப் பசை கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம் எவ்வளவோ அந்த அளவுக்குச் சுற்றியுள்ள தங்கத்தைச் செதுக்கிச் சமமாக்குகிறது.

அந்தத் தூள் வீணாகிறதா என்றால், ஒரு துளியும் இல்லை. பட்டறையில் கை கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள். தரையைப் பெருக்கிய குப்பைக்கு விலை உண்டு. கோயம்புத்தூரில் நகைப் பட்டறைகள் நிறைந்த வீதிகளில், சாக்கடை மண்ணை அள்ளி அலசித் தங்கம் பிரித்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வளையலின் பூவேலை போன இடம் அது.

மெருகே வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு முறை போடட்டும். "இலவசம்தானே" என்று அடிக்கடி போடுவதுதான் வினை. கடை கூலி வாங்காமல் இருக்கலாம், சக்கரம் வாங்காமல் இருக்காது. கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே நன்றாகக் கழுவி உலர்த்தி, கடைத் தராசில் மில்லிகிராம் வரை எடை பார்த்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள். திரும்பி வரும்போது எடை குறைந்தால் "அழுக்கு போச்சும்மா" என்ற பதிலுக்கு இடமிருக்காது. பழைய நகையை மாற்றப் போகும்போதும் இதே முறைதான்.

இன்னொரு சிக்கல் புதியது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டால் நகையின் தூய்மை தெரியும். குறியீடு லேசரால் மெலிதாகப் பொறித்தது. பஃப் சக்கரம் அதன்மேல் ஓடினால் தேய்ந்து அழியும். முத்திரை இருக்கும் இடத்தைக் காட்டி, அங்கே சக்கரம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மெருகைவிடப் பட்டறையில் கேட்க வேண்டியது வேறு: பற்று சரியாக இருக்கிறதா, எஸ் கொக்கி நூலாக இளைத்துவிட்டதா, திருகாணியின் மரை தேய்ந்துவிட்டதா, கல்லைப் பிடித்திருக்கும் கவ்விகள் நிமிர்ந்துவிட்டனவா. பழைய பொடிப்பற்றில் செம்பும் வெள்ளியும் கூடுதல். இணைப்புகள் மட்டும் கறுப்பது அதனால். பின்னால் வந்த கே.டி.எம். பற்றில் இருந்தது காட்மியம். அதன் புகை ஆசாரியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்றது. பற்ற வைக்கக் கொடுக்கும்போது காட்மியம் வேண்டாம் என்று கேட்பது அவருக்காகவும்தான்.

கவரிங் நகைக்கு இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேய்க்காதீர்கள், அவ்வளவுதான், மேலே இருக்கும் ஒரே படலம் போனால் உள்ளே செம்பு.

பெட்டியும் லாக்கரும்

ஒவ்வொன்றும் தனித் துணிப்பையில். நகைக்கடையின் ரோஸ் காகிதம் போதுமானது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம். அதில் கந்தகம் உண்டு. வெள்ளியைத் தனியே வையுங்கள். வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று திணித்து டப்பாவில் அடைத்தால் லாக்கருக்குப் போகும் ஆட்டோ குலுங்கலிலேயே கீறல் விழும்.

லாக்கரில் வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளபடி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையில் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய பவுன் விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. மீதிக்குத் தனிக் காப்பீடுதான் வழி. அதற்கு நகை வாரியாகப் படம், எடை, கல் எடை, ஹெச்.யு.ஐ.டி. எண், பில் நகல் எல்லாம் கேட்பார்கள். கழுவி உலர்த்தி எடை போட்ட அன்றே அவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை லாக்கருக்குள் வைக்காமல் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.